செங்கமலத்தின் போணி

பெரம்பலூர் கடைவீதியில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவன் நான், நடராசன். ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருப்பவனுக்குத் தெருவில் நடப்பது எங்கே தெரியப் போகிறது என்று எல்லாருக்கும் நினைப்பு. இன்னொரு கண் சும்மாதானே இருக்கிறது? அந்தக் கண்ணால் நான் பார்த்த ஆட்களில், உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது கூழ்க்காரி செங்கமலத்தைப் பற்றித்தான்.

செங்கமலத்துக்குப் பிறந்த ஊர் செந்துறைப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைத்தவர்கள். கல்யாணம் ஆகிப் பெரம்பலூர்க் காலனிக்கு வந்தாள். புருஷன் செல்லமுத்து அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான், வந்தால் தூங்குவான். இவள் டவுனில் சித்தாள் வேலைக்குப் போனாள். கல் சுமக்கிறவர்கள் மத்தியானம் டீயும் பன்னும் தின்றுவிட்டு மயங்கி மயங்கி விழுவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வீட்டிலிருந்து ஒரு பானை கம்பங்கூழ் கொண்டு வந்தாள். பானை காலியானது. மறுநாளிலிருந்து சிமெண்ட் சட்டியைத் தலையில் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் எங்கே கட்டடம் எழும்பியதோ, அங்கே அவளுடைய பானை இருந்தது. பேங்குக் கட்டடம், சினிமாக் கொட்டகை, மாணவர் ஹாஸ்டல் எல்லாவற்றையும் கட்டியவர்கள் அவள் கூழைக் குடித்துத்தான் கட்டினார்கள். டவுன் எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரிந்துகொள்ள டவுன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் மேப் பார்க்க வேண்டியதில்லை. செங்கமலம் பானையோடு எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்தால் போதும்.

இனி போணி சமாச்சாரத்துக்கு வருகிறேன். கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரம்தான் போணி. முதல் காசு யார் கையிலிருந்து வருகிறதோ, அவருடைய ராசிப்படிதான் அன்றைக்கு வியாபாரம் ஓடும் என்பது எங்கள் கடைவீதியில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற விஷயம். அந்தக் காசைக் கையால் வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார்கள்.

கூழ்க்காரி விடியற்காலையிலேயே வருவாள். அமிர்தலிங்கம் மளிகையில் உப்பும் மிளகாய் வற்றலும், வைரக்கண்ணு விறகுக் கடையில் ஒரு கட்டு விறகு, பஞ்சவர்ணத்திடம் சின்ன வெங்காயம், கடைசியாகச் சம்பூர்ணத்திடம் மோர். எந்தக் காலத்திலோ அமிர்தலிங்கத்துக்கு அவள் போணி பண்ணிய அன்றைக்கு, ஆண்டிமடத்திலிருந்து சமயபுரம் போகிற கூட்டம் ஒன்று லாரியோடு வந்து இறங்கி, கடையில் பாதியை வாங்கிக்கொண்டு போயிற்று. அன்றோடு அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. அவள் வருவதற்கு முன்னால் வேறு யாராவது சாமான் கேட்டால் அமிர்தலிங்கம் தராசைத் துடைப்பதாகப் பாவனை செய்துகொண்டு, "கொஞ்சம் இருங்க, இன்னும் போணி ஆகல" என்பார். தாசில்தார் வீட்டு ஆளே நின்றிருக்கிறார்.

என் கடைக்கு மட்டும் அவளால் போணி பண்ண முடியவில்லை. அவளிடம் கடிகாரம் கிடையாது.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுகிற ஒன்றும் உண்டு. காலனி ஆட்கள் வந்தால் அமிர்தலிங்கம் பொட்டலத்தைப் பலகையின் ஓரத்தில் வைப்பார், காசையும் அங்கேயே வைக்கச் சொல்வார். செங்கமலத்துக்கும் பொட்டலம் பலகை ஓரத்தில்தான். காசை மட்டும் உள்ளங்கையை நீட்டி வாங்குவார். கையோடு கை வாங்கினால்தான் போணி. அவள் கையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பாரா? அவள் காசு மட்டும் கண்ணுக்கு ஆகும்.

ஒரு நாள் மழை வருகிற மாதிரி இருந்ததால் செங்கமலம் அவசரப்பட்டாள். "இந்தாங்க முதலாளி காசு. உப்பை அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்."

"அதெல்லாம் ஆவாது. சரக்கை வாங்காம காசு குடுத்தா அது போணி இல்ல, தர்மம். நான் தர்மம் வாங்கவா கடை வச்சிருக்கேன்?" என்றார் அமிர்தலிங்கம். உப்பை வாங்கிக்கொண்டுதான் அவள் போனாள், நனைந்துகொண்டே.

எண்பத்தொன்றில் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த குட்டையைத் தூர்த்து, டவுன் பஞ்சாயத்து வரிசையாகக் கடைகள் கட்ட ஆரம்பித்தது. அரியலூர் சிமெண்ட் லாரி லாரியாக வந்து இறங்கியது. செந்துறைப் பக்கத்து ஆட்கள் முதல் பஸ் பிடித்து அரியலூரில் மாறி வேலைக்கு வந்தார்கள். செங்கமலத்தின் பானையும் குட்டைக் கரைக்கு வந்தது. அந்தக் கடைகளில் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை விழுந்தது அப்போதுதான்.

"கட்டடம் முடிஞ்சதும் என்னை எழுப்பி விட்டுடுறாங்க, வாட்ச்சுக்கார ஐயா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எத்தனை கட்டடம் பாத்துட்டேன். முடிஞ்ச கட்டடத்துல ஒரு தடவையாச்சும் உக்காந்துடணும்."

முன்பணத்துக்குச் சீட்டுக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் கடைவீதி வியாபாரி ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆவணி கடைசிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். நான் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் கடை என்பது துணிக்கடை வாசலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மரப்பெட்டி. எனக்கே இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். ஆனால் அமிர்தலிங்கம் கேட்டதுமே சரி என்றார். "ராசிக்காரிக்கு இல்லாம வேற யாருக்குப் போடப் போறேன்?" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

அந்த ஆடியில்தான் மெட்ராஸ் ஐ வந்தது.

மெட்ராஸில் ஆளுக்கு ஆள் கண் சிவந்து கிடக்கிறது என்றும், வெளிநாடுகளிலும் இதே கதைதான் என்றும் பேப்பரில் போட்டிருந்தார்கள். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தோம். எட்டாக் கையில் இருக்கிற மெட்ராஸ் பெரம்பலூருக்கு எப்படி வரும்? அரியலூர் பஸ்ஸில் வந்தது. கல் சுமக்க வந்த மருதாயிக்குக் கண் பொங்கியது, அவள் கூழ் வாங்கிக் குடித்தாள், ரெண்டு நாளில் செங்கமலத்தின் கண்ணும் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

அவள் வீட்டில் கிடந்திருக்கலாம். அத்தனை பேரும் மத்தியானம் பானையைத்தானே எதிர்பார்த்து வருவார்கள் என்று முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே வந்துவிட்டாள். அந்தக் காலையை நான் முழுசாகப் பார்த்தேன்.

"முதலாளி, கண்ணு உறுத்துது. காசை ஓரமா வச்சுடுறேன்" என்றாள்.

"வச்சா எப்புடி? போணிக் காசு. கையில குடு" என்றார் அமிர்தலிங்கம்.

கண்வலிக்காரரைப் பார்த்தால் கண்வலி தொற்றும் என்று எல்லாரும் நம்பிய காலம். அதனால் அமிர்தலிங்கம் முகத்தை நன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்த கையாலேயே காசைக் கொடுத்தாள். அவர் அதை வலக் கண்ணில் ஒரு முறையும் இடக் கண்ணில் ஒரு முறையும் பக்தியாக ஒற்றிக்கொண்டார். விறகுக் கடை வைரக்கண்ணுவும் அப்படியே. வெங்காயக்காரி பஞ்சவர்ணம் மட்டும் ஒரு தடவைக்கு மூன்று தடவையாக ஒற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே மூன்று பேருக்கும் கண் ஒட்டிக்கொண்டது. அவர்களிடமிருந்து வீட்டுக்கும், அக்கம்பக்கத்துக்கும் போனது. கடைவீதியே ஆள் மாறிப்போனது. ஃபேன்சி ஸ்டோரில் கறுப்புக் கண்ணாடி தீர்ந்துபோய், சின்னப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கண்ணாடியைப் பெரிய மனிதர்கள் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். வைரக்கண்ணு சிவப்பு ஃபிரேம் போட்ட ஒன்றை மாட்டிக்கொண்டு விறகு எடை போட்டதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நந்தியாவட்டைச் செடி இருந்த வீட்டு வாசலில், கண்ணில் வைத்துக் கட்டப் பூவுக்கு வரிசை நின்றது. கண்ணில் சொட்டு விடத் தாய்ப்பால் கேட்டு அலைந்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து வாங்கக் கூட்டம் ரோடு வரைக்கும் வந்தது. பஸ்ஸில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். குட்டைக் கரையில் வேலை நின்றது. செங்கமலத்தின் பானையும் வீட்டில் கவிழ்ந்தது.

யாரும் சாகவில்லை. கொஞ்ச நாள் உறுத்தல், பிறகு சரியாகிவிடும். கண் சரியானது, ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது. கண்வலி முதலில் யார் யாருக்கு வந்தது? செங்கமலம் போணி பண்ணிய கடைக்காரர்களுக்கு. ராசி திரும்பிவிட்டது, கை பீடைக் கையாகிவிட்டது என்றார்கள். போணிக்கு அமிர்தலிங்கம் வேறு ஆள் வைத்துக்கொண்டார், கோயில் பூசாரியை. கண் தெளிந்து செங்கமலம் ஜாமீன் கையெழுத்துக்குப் போனபோது, அவர் தராசையே பார்த்துக்கொண்டு, "இப்ப வேணாம் செங்கமலம். நேரம் சரியில்ல" என்று மட்டும் சொன்னார். ஆவணி பாதி போய்விட்டிருந்தது.

அங்கிருந்து நேராக என் பெட்டிக் கடைப் பக்கம் வந்து, துணிக்கடைப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"என் கையா இத்தனை பேரு கண்ணைக் கெடுத்துச்சு?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படின்னா மோர்க்காரி சம்பூர்ணத்துக்கு ஏன் வரல? அவகிட்டயும்தானே தினம் வாங்குற?" என்றேன். சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான் கேட்டேன்.

அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே சம்பூர்ணம் யாருக்கோ மோர் ஊற்றிக் காசு வாங்கிக்கொண்டிருந்தாள். வாங்கிய கையோடு காசை இடுப்புச் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினாள். ராசி, போணி என்று யாராவது பேசினால், "ஒத்தி ஒத்தி எவ மாடி வூடு கட்டினா?" என்று கேட்கிற பெண்பிள்ளை அவள்.

செங்கமலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை மெதுவாகக் கண் வரைக்கும் கொண்டு போனாள். அங்கேயே நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஜாமீன் கையெழுத்து ஞாபகம் வந்தது. "இதைப் போய்ச் சொல்லாதே" என்றேன். "காசு அழுக்குதான் காரணம்னு நீ நிரூபிச்சா, உன் கையில பீடை இல்லைன்னு ஆகும். ராசியும் இல்லைன்னு ஆகிடுமே. ராசி இல்லாட்டி அமிர்தலிங்கம் எதுக்குக் கையெழுத்துப் போடுவாரு? நாலு நாள் பொறு. நல்ல வியாபாரம் ஒண்ணு நடந்தா ராசி திரும்பி வந்துடுச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க."

அவள் எழுந்து சேலையை உதறினாள். "ராசின்னு சொன்ன வாய்தானே பீடைன்னுச்சு? நாளைக்குக் கடை வச்சப்புறம் எவனுக்காவது காலு சுளுக்கினாக்கூட என் கைதான் காரணம்பாங்க. எனக்கு ரெண்டும் வேணாங்க" என்றாள்.

மறுநாள் பூசாரி வருவதற்கு முன்னாலேயே அமிர்தலிங்கம் கடை முன்னால் நின்றாள். ஈரத்துணியில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அமிர்தலிங்கம் கதவுப் பலகைகளை எடுத்து வைத்துவிட்டு, அவளைப் பார்த்ததும் தயங்கினார்.

"உப்பு குடுங்க முதலாளி."

உப்பு பலகை ஓரத்துக்கு வந்தது. அவள் துணியை அவிழ்த்து ஒரு நாலணாவை எடுத்து நீட்டினாள். அவர் கை தானாக நீண்டுவிட்டது. வாங்கியவர் திடுக்கிட்டார். காசு சுட்டது.

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தாந்தேன்" என்றாள். "கண்ணுல ஒத்தாதீங்க."

காசு அவர் முகத்துக்கு நேரே பாதியில் நின்றது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத் தொட்டுக் கும்பிடாதே என்றால் எப்படி இருக்கும்?

"அன்னிக்கு என் கண்ணுல வடிஞ்ச தண்ணி அந்தக் காசுல இருந்துச்சு. நீங்க எடுத்து உங்க கண்ணுல வச்சுக்கிட்டீங்க. சம்பூர்ணம் வைக்கல, அவளுக்கு ஒண்ணும் வரல. அவ்வளவுதாங்க நடந்துச்சு. என் கையில பீடையும் இல்ல, ராசியும் இல்ல. ராசி இருந்தா நான் ஏன் பானையைத் தூக்கிக்கிட்டு அலையறேன்? ராசிக்காகக் கையெழுத்துப் போட வேணாம். இத்தனை வருசமா மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறாம உங்க கடையிலதான் உப்பு வாங்குறேன். அதுக்குப் போடுறதுன்னா போடுங்க."

நிதானமாகத்தான் சொன்னாள், குரலை உயர்த்தவில்லை. நான் லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமிர்தலிங்கம் காசைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார், தெருவில் பூசாரி வருகிறாரா என்றும் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒற்றாமலே காசைக் கல்லாவில் போட்டார். அது விழுந்த சத்தம் என் பெட்டிக் கடை வரைக்கும் கேட்டது.

"ஓரமா வச்சுடுறேன்னு நீதான் சொன்னே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் கையில குடுன்னேன். அது எனக்கு ஞாபகம் இல்லாம இல்ல. சாயங்காலம் பேப்பரைக் கொண்டா."

அவரை நான் அதுவரைக்கும் நல்ல மனிதர் என்று எண்ணியதில்லை. அன்றைக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன், கொஞ்சம்தான். பொட்டலம் இன்னும் பலகை ஓரத்தில்தானே இருந்தது.

தை பிறந்ததும் கடைகளைத் திறந்தார்கள். வெள்ளையடித்த சுவர், பச்சை பெயிண்ட் அடித்த ஷட்டர், மேலே சிமெண்ட் கூரை. பஸ் ஸ்டாண்டுக்குச் சோடியம் விளக்கும் வந்துவிட்டது. குட்டை இருந்த இடமா என்று ஊரே வாயைப் பிளந்தது. செங்கமலத்துக்குக் கடைசிக் கடை கிடைத்தது. அரியலூர் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிர். செல்லமுத்து முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் வந்து, தூங்காமல் நின்றான். மருதாயி கோலம் போட்டாள்.

செங்கமலம் கூழைக் கரைத்து, வெங்காயத்தை உரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் பார்க்கிற கூட்டம் இருந்ததே தவிர, யாரும் முதல் ஆளாக உள்ளே போகவில்லை. நான் போகலாம் என்று காலெடுத்து வைத்தபோது அமிர்தலிங்கம் வந்தார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கூட்டம் வழி விட்டது. அவர் மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்து, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"முதலாளி."

அவர் நின்றார்.

செங்கமலம் எழுந்து, ஒரு சொம்பு நிறையக் கூழை மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். "சரக்கை வாங்காம காசு குடுத்தா அது போணி இல்ல, தர்மம்னு நீங்கதானே சொன்னீங்க? நான் தர்மம் வாங்கக் கடை வைக்கலைங்க."

அமிர்தலிங்கத்தின் கடை வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். அவர்களை அவர் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். வாங்காவிட்டால் அந்தக் கடையில் காலனி ஆட்களைத் தவிர வேறு யாரும் குடிக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் வாங்கினார், கையோடு கை. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் உதட்டில் வைத்துக் குடித்தார். பாதியில் நிறுத்தி, "வெங்காயம் எங்கே?" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. பின்னாலிருந்த வைரக்கண்ணு, "எனக்கும் ஒண்ணு ஊத்து" என்று முண்டிக்கொண்டு வந்தார்.

செங்கமலத்துக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உள்ளங்கையில் கிடந்த ரூபாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அதை வலக் கண்ணில் ஒற்றினாள், இடக் கண்ணில் ஒற்றினாள்.

"ஏ செங்கமலம், ஒத்தாதே!" என்று நான் கத்தினேன்.

அவள் மூன்றாவது தடவையும் ஒற்றிக்கொண்டாள்.